கீழே ஹாரன், மேலே கமிட்டி

படி ஏறாமலேயே ஒரு மாடியைக் கீழே இறங்கி வரவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் ஹாரன் சார். சொந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். சம்பளப் பட்டியலில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

தொண்ணூறுகளில் அடையாறு பக்கம் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் நான் உதவியாளராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாமே, பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. ஹாரன் சார் தரைத்தளத்தில் தபால் பிரிவு கிளார்க். சின்ன வயதில் வந்த போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் சைதாப்பேட்டையிலிருந்து தினமும் வருவார். தபால் மூட்டை போகிற அகலக் கதவு வழியாக நேரே உள்ளே புகுந்து, மேஜைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அதில் உட்கார்ந்தபடியே வேலை செய்வார். வண்டியில் ரப்பர் பந்து வைத்த ஒரு பித்தளை ஹாரன். எந்தக் காலத்து லாரியிலிருந்து கழற்றியதோ தெரியாது, சின்னமலை சிக்னலில் அதை அமுக்கினால் பஸ் டிரைவரே ஒதுங்கி வழிவிடுவார்.

உடனே 'பாவம்' என்று உச்சுக் கொட்டாதீர்கள். முகத்தில் அரை இஞ்ச் பவுடர், காதில் அத்தர் பஞ்சு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. கிரிக்கெட், அரசியல், வானிலை எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு, அத்தனையும் தப்பாக இருக்கும். இன்றைக்கு மழையே வராது என்று அவர் அடித்துச் சொன்னால் நாங்கள் குடையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இரக்கப்பட்டு அவர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளப் போனேன்.

"கைய எடு! இன்னா அய்யரே, ஐஸ் வண்டியா தள்ளிக்கினு போறே?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிரே வந்த பேராசிரியர் ஒருவர் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அந்தக் குரல் இறங்கும். சூப்பிரண்டு நாற்காலி. கிளார்க்காகச் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் வாழ்நாள் கனவு அது. கை வைத்த நாற்காலி, மேஜைமேல் மணி, அடித்தால் ஓடிவர ஒரு ஆள். இரண்டு தடவை அவருக்கு உத்தரவு வந்தது. தேர்வுப் பிரிவு சூப்பிரண்டு. பிரிவு இருந்தது இரண்டாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. குறித்த தேதிக்குள் போய் அந்த நாற்காலியில் உட்காராவிட்டால் 'பதவி உயர்வில் விருப்பமில்லை' என்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மணி அடித்து காபி வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனுக்கு விருப்பமில்லன்னு நானே எழுதணுமாம் அய்யரே. மாடிக்கு விருப்பமில்லன்னு எழுதறேன்னா ஒத்துக்க மாட்டேன்றானுங்கோ" என்பார். எங்கள் அலுவலக விதிப்படி மூன்றாவது தடவையும் உட்காராவிட்டால் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். மூன்றாவது உத்தரவு அந்த வருஷம் வர வேண்டியிருந்தது.

அப்போதுதான் டெல்லியில் சட்டம் வந்தது. ஊனமுற்றோர் என்றுதான் அன்றைக்குச் சொல்வோம், இன்றைய மரியாதையான சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. அவர்களுக்குச் சம வாய்ப்பு தரவேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று எங்களுக்கும் தாக்கீது வந்தது. புதிதாக வந்திருந்த ரிஜிஸ்ட்ரார் சுறுசுறுப்பான மனிதர். உடனே ஒரு கமிட்டி போட்டார். ஊனமுற்ற ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஹாரன் சாரையும் சேர்த்தார். மினிட்ஸ் எழுத நான். எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும், அதைத் தவிர வேறு தகுதி எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இங்கே எங்கள் அலுவலகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தக் கூட்டமானாலும் சரி, வராதவர் தலையில் வேலையைக் கட்டிவிடுவோம். அதனால் கூட்டத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். டைபாய்டு ஜுரத்தோடு கம்பளி போர்த்திக்கொண்டு வந்தவர் உண்டு. மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்த கையோடு பந்தியில் உட்காராமல் ஓடிவந்தவர் உண்டு. ஒருத்தன் தப்பித்தவறி வராமல் போனால் வந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு களை தெரியும்.

கமிட்டிக் கூட்டம் எங்கே தெரியுமா? இரண்டாம் மாடி கான்ஃபரன்ஸ் ஹாலில்! ஊனமுற்றோருக்கு வழி செய்ய இரண்டாம் மாடியில் கூட்டம் போடுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அறிவிப்பை முத்து முத்தாக எழுதியவனே நான்தான், எனக்கும் தோன்றவில்லை.

கூட்டம் ஆரம்பித்தது. கீழேயிருந்து 'பாம்ம்ம், பாம்ம்ம்' என்று விடாமல் சத்தம்.

"என்னய்யா அது?" என்றார் ரிஜிஸ்ட்ரார்.

"பஸ் சார்" என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். தினமும் காலையில் கேட்கிற சத்தம் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டால், அந்த நேரத்தில்தான் போண்டாத் தட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. போண்டா வரும்போது எனக்குக் காது கேட்காது.

"கட்டடங்களுக்குப் பொறுப்பு யார்?" என்றார் ரிஜிஸ்ட்ரார். எல்லோரும் சட்னியை ஆராய்ந்தார்கள். கட்டடப் பிரிவு இன்ஜினியர்தான் முதலில் தலைநிமிர்ந்தார்.

"சார், ஹாரன் சார் வரலியே?"

அவ்வளவுதான், அறையில் தீபாவளி. கட்டடம் ஹாரன் சாருக்கு. தேர்வு வசதிகள் ஹாரன் சாருக்கு. மாணவர் சேர்க்கை அவருக்கு, குறை கேட்பதும் அவருக்கே. நான்கையும் எழுதிக் கீழே கோடு போட்டேன். "மினிட்ஸ் பிரமாதம்" என்று ரிஜிஸ்ட்ரார் தட்டிக்கொடுத்தார். நான் இன்னொரு போண்டா எடுத்துக்கொண்டேன்.

உத்தரவைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். சும்மா தொட்டாலே கத்துகிறவர், இதற்கு என்னென்ன சொல்லப் போகிறாரோ! அவர் நிதானமாகப் படித்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"நாலும் எனுக்கா?"

"ஆமா சார்."

"நா மேல வர்ல, அதுனால எனுக்கு?"

"வழக்கம் சார் அது" என்றேன், ஏதோ நான் கண்டுபிடித்த வழக்கம் போல.

சிரிக்க ஆரம்பித்தார். பவுடரெல்லாம் உதிர்கிற மாதிரி சிரித்தார். "படிக்கட்டுகிட்ட நின்னு அட்சிக்கினே இருந்தேன். ஒருத்தனும் எட்டிப் பாக்கல. பரவால்ல உடு. இப்போ இந்தக் கட்டடமே என் கைல கீது!"

மறுநாளே சைதாப்பேட்டை மார்க்கெட் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்துவிட்டார். பொறுப்புக்கு ஒன்றாக நான்கு, நாலும் நாலு கலர் மை. மாடிக்குப் போய்வர ஒரு ஆள் வேண்டும் என்று ரிஜிஸ்ட்ராருக்கு எழுதினார். அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தன்று நான் மயிலாப்பூரில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகவே நானே அந்த ஆள்.

அதன் பிறகு என் பிழைப்பு படிக்கட்டிலேயே கழிந்தது. கீழே ஹாரன் அடித்தால் இறங்க வேண்டும், அவர் சொன்னதை மேலே போய்ச் சொல்ல வேண்டும், மேலே திட்டினால் அதை வாங்கிக்கொண்டு கீழே வந்து சொல்ல வேண்டும். அவர் வேறு திட்டுவார்.

"ஏன்னா, பேண்ட்டெல்லாம் லூஸாயிடுத்தே? ஆத்துல நன்னா சாப்ட்டுண்டு தானே இருக்கேள்?" என்று என் மனைவி கவலைப்பட்டாள். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். ஒருவருக்குக் காலாக இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

முதலில் முன்வாசல் படிகளுக்குச் சாய்தளம். இன்ஜினியர் வேண்டாவெறுப்பாகக் கட்டி முடித்தார். ஹாரன் சார் அதைக் கீழிருந்து மேலே பார்த்தார்.

"இன்னாய்யா இது, சறுக்கு மரம் கட்டி வெச்சிக்கீறே?"

"எல்லாம் கணக்குப்படிதான் சார் கட்டியிருக்கோம்" என்றார் இன்ஜினியர்.

"அய்யரே, நீ ஏறு என் வண்டில. நா பாக்கறேன்." தன் வண்டியை அவர் வாழ்க்கையில் இன்னொருவரிடம் கொடுத்தது அன்றைக்குத்தான். கேன்டீன் நாற்காலி ஒன்றுக்குக் கையை ஊன்றி மாறி உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

நானும் வீரமாகக் கைப்பிடியைச் சுற்றினேன். பாதி தூரம் போனேன். கை விட்டுப்போயிற்று. வண்டி பின்னால் வர ஆரம்பித்தது. பிரேக் எது என்று நான் தேடியதில் கையில் அகப்பட்டது ஹாரன் மட்டும்தான். 'பாம் பாம் பாம்' என்று அடித்துக்கொண்டே பின்பக்கமாக வந்து, யாரோ வி.ஐ.பி. வருகைக்காக அடுக்கிவைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளின் நடுவில் போய் விழுந்தேன். தலையில் மண், மடியில் ஒரு செடி. சுற்றி மாணவிகள் கூட்டம். ஹாரன் சார் பதறிப்போய்க் கூவினார், "வண்டிக்கு இன்னா ஆச்சு பாரு!"

இன்ஜினியர் அதை இடித்துவிட்டுச் சாய்வைக் குறைத்துக் கட்டினார். எனக்கு இடுப்பு இன்னும் மழைக்காலத்தில் வலிக்கிறது.

குறை கேட்கிற பொறுப்பு வந்ததும் முதல் மனுவை அவரே எழுதினார். தேர்வுப் பிரிவைக் கீழே கொண்டுவந்தால் தன்னால் சூப்பிரண்டாக உட்கார முடியும் என்று. எழுதிய மனுவை என்னிடம் கொடுத்தார்.

"இத்த குறை கேக்கற ஆபீசராண்ட குடு."

"அது நீங்கதானே சார்?"

"மொற கீதுல்ல?"

மேஜையின் இந்தப் பக்கம் வாங்கி, அந்தப் பக்கம் நடந்துபோய், அவரிடமே கொடுத்தேன். வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். பச்சை மை ஸ்டாம்ப்பை ஓங்கிக் குத்தி, 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். நான் மறுபடி இந்தப் பக்கம் வந்து கொடுத்தேன். படித்துவிட்டு முகம் சிவந்தார். "பரிசீலனையா! இந்த ஆபீஸ்ல எவனுக்குமே மன்சாட்சி இல்லியா?" என்று அரை மணி நேரம் கத்தினார். அவர் திட்டுவது அவரையா, எங்களையா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது உத்தரவு வந்துவிட்டது. அதே தேர்வுப் பிரிவு, அதே இரண்டாம் மாடி. தேதியும் குறித்தாகிவிட்டது. தரைத்தளத்தில் பழைய பேப்பர் அடைத்துவைத்த பெரிய கூடம் ஒன்று சும்மா கிடந்தது. பிரிவை அங்கே இறக்கலாம் என்று ஹாரன் சார் எழுதியதை நான் மேலே கொண்டுபோனேன். ஒவ்வொரு மேஜையிலும் 'அடுத்த பிரிவின் கருத்துக்கு' என்று எழுதி நகர்த்தினார்கள். கடைசியில் அந்தக் கோப்பு ரிஜிஸ்ட்ரார் மேஜையில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் ஹாரன் சார் பவுடர் போடவில்லை.

"உடு அய்யரே" என்றார். அப்புறம் சட்டென்று கண் பளபளத்தது. "கமிட்டிக்குக் கூட்டம் போட எனுக்கு ரைட்ஸ் கீதுல்ல?"

"இருக்கு சார்."

"போடு நாளைக்கி. சைக்கிள் ஷெட்ல."

சைக்கிள் ஷெட் ஏன், வேறு இடமே இல்லையா? தரைத்தளத்தில் நல்ல அறைகள் இருந்தன. ஆனால் அவர் பிடித்த பிடியை விடவில்லை. அறிவிப்பைப் பார்த்த ரிஜிஸ்ட்ரார் "சைக்கிள் ஷெட்டுக்கா? நானா?" என்று மூலையில் போட்டார். மற்ற அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களாயிற்றே! ஸ்கூட்டர் சீட்டிலும் சைக்கிள் கேரியரிலும் உட்கார்ந்தார்கள். இன்ஜினியருக்கு ஒரு மொபெட் கிடைத்தது. ஹாரன் சார் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்தார்.

"தேர்வுப் பிரிவ கீழ எறக்கற பொறுப்பு யாருது?"

எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். இன்ஜினியர் முகம் மெல்ல மலர்ந்தது.

"ரிஜிஸ்ட்ரார் வரலியே சார்?"

"எயுதிக்கோ அய்யரே" என்றார் ஹாரன் சார். வெளியே வந்ததும் என் காதில், "வர மாட்டாருன்னு தெரியும்யா. வர்றவரா இருந்தா வேற எடம் பாத்திருப்பேன்" என்றார்.

எழுதிவிட்டேன், சரி. கையெழுத்து வாங்க மேலே போக வேண்டியவன் யார்? போகிற வழியில் பிள்ளையார் படம் எதுவும் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. ரிஜிஸ்ட்ரார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருய்யா எழுதினது இது?"

"கையெழுத்து மட்டும்தான் சார் என்னுது."

"வரலைன்னா என் தலையில கட்டிடுவீங்களா?"

"வழக்கம் சார். போன தடவை நீங்ககூட மினிட்ஸ் பிரமாதம்னு..."

அவர் முறைத்த முறைப்பில் பாதி வாக்கியம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வேலை போயிற்று, மயிலாப்பூர் குளத்தங்கரையில் பொரி கடலை விற்கத்தான் லாயக்கு என்று முடிவு கட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து 'பாம்ம்ம்' என்றது. படிக்கட்டடியில் காத்திருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது போல.

"அன்னிக்கும் இதே சத்தம். பஸ்ஸுன்னீரே?"

"பஸ் இல்ல சார். அவர்தான்."

"அப்போ அன்னிக்கு வந்திருந்தாரா?"

"வந்திருந்தார் சார். படிக்கட்டு வரைக்கும்."

ரிஜிஸ்ட்ரார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்தார். விறுவிறுவென்று படி இறங்கினார், நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கீழே வண்டியில் ஹாரன் சார் ஹாரன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரமாய்யா இங்க நிக்கறீங்க?" என்றார் ரிஜிஸ்ட்ரார்.

"வேலைக்கி சேந்ததுலேந்து சார்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் ரிஜிஸ்ட்ரார் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, மாடிப்படிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தேர்வுப் பிரிவு இறங்கியது. விடைத்தாள் மூட்டைகளை இறக்க ஆள் போதவில்லை என்று நானும் தோள் கொடுத்தேன். "ஆத்துல ஒரு பக்கெட் தண்ணி தூக்கச் சொன்னா மூச்சு வாங்கும், அங்கே மூட்டை தூக்கிண்டு வரேளா?" என்று முனகிக்கொண்டே என் மனைவி முதுகில் தைலம் தேய்த்தாள்.

குறித்த தேதி காலை. கூடம் தயார். கை வைத்த நாற்காலி, மேஜைமேல் பளபளவென்று மணி. ஹாரன் சார் சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். வாசல் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனேன்.

"என்ன சார், உள்ள வாங்க."

"இருய்யா." குரல் அவருடையதாகவே இல்லை. "இத்தினி வருசமா மாடி, மாடின்னு சொல்லிக்கினு இருந்தேன். மாடி மட்டும் இல்லன்னா நா இன்னா கிழிப்பேன் பாருன்னு. இப்போ மாடி இல்ல. எனுக்குத் தபால் பிரிக்கத்தான்யா தெரியும். தப்பு தப்பா எதுனா பண்ணிட்டா? இதுக்குத்தான் இவ்ளோ ஆட்டம் ஆடுனானான்னு கேப்பானுங்கோ."

கத்துகிற ஹாரன் சாரைத்தான் எனக்குத் தெரியும். பயப்படுகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சமத்துவத்தைப் பற்றி அவ்வளவு மினிட்ஸ் எழுதியவன், வாயில் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. மனதில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"தப்பு பண்ணுங்க சார், என்ன இப்போ? நாங்கல்லாம் தெரிஞ்சா சார் உக்காந்திருக்கோம்? இவ்வளவு வருஷமா நான் என்ன வேலை பண்றேன்னு எனக்கே தெரியாது. என்னை யாராவது கேட்டாங்களா? உங்களை மட்டும் ஏன் கேக்கணும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பவுடர் உதிரச் சிரித்தார்.

"அதுவும் சரிதான். உன்னியே வெச்சிக்கினு கீறானுங்களே!"

உள்ளே போனார். வண்டியிலிருந்து கையை ஊன்றி நாற்காலிக்கு மாறினார். மணியை அடித்தார். யாரும் வருவதற்குள் இன்னொரு தடவை அடித்தார்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் ஹாரன் சார் சுமாரான சூப்பிரண்டுதான். மற்றவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. கோப்புகளைத் தேங்கவிட்டார். காபி ஆறியிருந்தால் கத்தினார். லேட்டாக வந்ததற்கு ஊரிலுள்ள எல்லோருக்கும் மெமோ கொடுத்தார். அந்தப் பிரிவுக்கு மாற்றல் என்றால் ஆட்கள் மெடிக்கல் லீவில் ஓடினார்கள். அப்போது நான் மட்டும் அங்கே மாற்றல் கேட்டு ரிஜிஸ்ட்ரார் முன்னால் போய் நின்றேன்.

"உமக்கு என்னய்யா தலைவிதி?" என்றார்.

"படி ஏற முடியல சார். முழங்கால் வலி" என்றேன்.

முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. அந்த மனுஷனின் சத்தம் கேட்காமல் மேலே உட்கார்ந்து வேலை பார்க்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.